கோட்டுக்கு எந்தப் பக்கம்?

மத்திய கால, நீண்ட கால நெல் ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல் சத்து என்பது தமிழ்நாட்டில் மண் பரிசோதனை செய்யாத வயல்களுக்குச் சொல்லப்படும் பொதுப் பரிந்துரை. சாம்பல் சத்தைப் பொட்டாஷ் பார்த்துக்கொள்ளும், அதை விட்டுவிடுவோம். மற்ற இரண்டையும் யூரியாவும் டிஏபியும் சேர்ந்து தரவேண்டும். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ. டிஏபியில் 18 விழுக்காடு தழைச்சத்தும் 46 விழுக்காடு மணிச்சத்தும் உண்டு; 50 கிலோ மூட்டையில் முறையே 9 கிலோ, 23 கிலோ. யூரியா மூட்டைகளின் எண்ணிக்கையை ‘யூ’ என்றும், டிஏபி மூட்டைகளின் எண்ணிக்கையை ‘டி’ என்றும் எழுதினால் வயலின் தேவை இரண்டே வரிகளில் அடங்கிவிடும்:

20.7 யூ + 9 டி ≥ 150
23 டி ≥ 50

ஏழு மூட்டை யூரியாவும் ஒரு மூட்டை டிஏபியும் போதுமா? 20.7 × 7 + 9 × 1 = 153.9. தழைச்சத்து கிடைத்துவிட்டது. ஆனால் மணிச்சத்து 23 கிலோதான், தேவையில் பாதிகூட இல்லை. (7, 1) என்ற புள்ளி முதல் நிபந்தனையில் தேறி இரண்டாவதில் தவறுகிறது. ஐந்தும் மூன்றும் என்றால் 130.5, 69, இம்முறை முதல் நிபந்தனை தவறுகிறது. ஆறும் மூன்றும் என்றால் 151.2, 69; இரண்டும் நிறைவேறுகின்றன.

இரு மாறிகள் கொண்ட நேரிய அசமன்பாட்டை ஒரு புள்ளி நிறைவு செய்கிறதா என்று சோதிப்பது இவ்வளவுதான். இரண்டு பெருக்கல், ஒரு கூட்டல், ஓர் ஒப்பீடு. விடை ஆம் அல்லது இல்லை. பள்ளிக் கணக்கில் இதைவிட எளிய வேலை அதிகம் கிடையாது. அதனாலேயே ஆசிரியரும் மாணவரும் இதை விரைந்து கடந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சோதனைக்குள் ஒரு பெரிய உரிமை ஒளிந்திருக்கிறது: ஒரே ஒரு புள்ளியைச் சோதித்துவிட்டு எண்ணற்ற புள்ளிகளுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை. அது எங்கிருந்து வருகிறது, எங்கே செல்லாமல் போகிறது, அதை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதை இங்கே விசாரிக்கலாம்.

ஒரு புள்ளி ஏன் போதும்?

கிடைத் தொலைவை ‘க’ என்றும் செங்குத்துத் தொலைவை ‘ச’ என்றும் கொண்டு 2க + 3ச ≤ 12 என்ற அசமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடநூல் சொல்லும் வழி எல்லோருக்கும் தெரிந்தது. முதலில் 2க + 3ச = 12 என்ற நேர்க்கோட்டை (6, 0), (0, 4) வழியாக வரையவேண்டும். பிறகு ஆதிப்புள்ளியைப் பிரதியிட வேண்டும். 0 ≤ 12 சரி. ஆகவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம் முழுவதையும் நிழலிட வேண்டும்.

இந்த ‘ஆகவே’தான் விசாரிக்கப்படாமல் நழுவிப்போகும் இடம். ஆதிப்புள்ளி தேறியது சரி. அதே பக்கத்தில் வெகுதூரத்தில் கிடக்கும் (−500, 200) ஏன் தேறவேண்டும்?

2க + 3ச − 12 என்ற கோவையைக் கவனியுங்கள். தளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. கோட்டின்மேல் அது பூஜ்யம். வேறெங்கும் பூஜ்யம் இல்லை. ஓர் இடத்தில் மதிப்பு குறை எண்ணாகவும் மற்றோர் இடத்தில் மிகை எண்ணாகவும் இருப்பதாகக் கொள்வோம். முதல் இடத்திலிருந்து இரண்டாவதற்கு நேராக நடந்தால் மதிப்பு சீராக ஏறும், நடுவில் தாவாது. குறை எண்ணிலிருந்து மிகை எண்ணுக்குப் போகும் வழியில் பூஜ்யத்தைத் தொட்டே ஆகவேண்டும். பூஜ்யம் இருப்பது கோட்டின்மேல் மட்டும். எனவே அந்த நடை கோட்டைக் கடந்திருக்கிறது. இதையே திருப்பிச் சொன்னால், கோட்டைத் தொடாமல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியுமானால் இரண்டிலும் ஒரே குறிதான். ஒரே பக்கத்துப் புள்ளிகள் எவ்வளவு விலகியிருந்தாலும் அவற்றை இணைக்கும் நேர்க்கோட்டுத்துண்டு எல்லைக்கோட்டைத் தொடுவதில்லை. ஆதிப்புள்ளி சொன்னதையே (−500, 200) சொல்வதற்குக் காரணம் இதுதான். பிரதியிட்டுப் பார்த்தால் −1000 + 600 = −400; ஆம், 12-ஐவிடக் குறைவே.

இது பாதி நியாயம்தான். ஒரு பக்கம் முழுவதும் ஒரே குறி என்பது தெரிந்தது. மறுபக்கத்தில் எதிர்க்குறி என்பது இன்னும் நிறுவப்படவில்லை. கோட்டின்மேல் உள்ள (3, 2) என்ற புள்ளியிலிருந்து கெழுக்கள் காட்டும் திசையிலேயே, அதாவது கிடையாக 2, செங்குத்தாக 3 நகர்ந்தால் (5, 5). அங்கே கோவையின் மதிப்பு 10 + 15 − 12 = 13. எதிர்த்திசையில் அதே அளவு நகர்ந்தால் (1, −1), மதிப்பு −13. இந்த 13 தற்செயலாக வந்ததன்று. 2-இன் வர்க்கமும் 3-இன் வர்க்கமும் சேர்ந்தது. வர்க்கங்களின் கூடுதல் ஒருபோதும் குறை எண் ஆகாது. கெழுக்கள் இரண்டும் பூஜ்யமாக இல்லாதவரை அதுவும் பூஜ்யம் ஆகாது. ஆகவே கோட்டைக் கடந்தால் குறி மாறியே தீரும்.

இரண்டாவது பாதி நேரிய கோவைகளின் தனிச்சொத்து என்பதை ஓர் எதிர் உதாரணம் காட்டிவிடும். (க − ச)² > 0 என்ற அசமன்பாட்டில் கோவை பூஜ்யமாகும் இடம் க = ச என்ற நேர்க்கோடு. ஆனால் அதன் இரு பக்கங்களிலும் மதிப்பு மிகை எண்தான். இங்கே ஒரு புள்ளியைச் சோதித்துவிட்டு மறுபக்கம் தேறாது என்று முடிவு கட்டினால் தவறு. வளைகோடுகளுக்குப் போகும் மாணவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். அவர்களுக்கு விதி தெரியும். விதி எதனால் செல்லுபடியாகிறது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சோதனை தரும் எண்ணில் ஆம், இல்லை என்பதைவிட அதிகமான செய்தி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். (4, 1) என்ற புள்ளியில் மதிப்பு −1. (2, 3) என்ற புள்ளியில் +1. முதலாவது தேறுகிறது, இரண்டாவது தேறவில்லை. அந்த 1-ஐ 13-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் ஏறத்தாழ 0.28 என்பது கோட்டிலிருந்து அந்தப் புள்ளியின் செங்குத்துத் தொலைவு. இரு புள்ளிகளும் கோட்டிலிருந்து ஒரே தூரத்தில், எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றன. குறி பக்கத்தைச் சொல்கிறது. அளவு தூரத்தைச் சொல்கிறது. விடைத்தாளில் டிக் போட்டதும் அந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிடுவது வருத்தம் தருகிறது. பின்னால் பார்க்கப்போகும் பயன்கள் பலவும் அந்த எண்ணின்மேல்தான் நிற்கின்றன.

சறுக்கும் இடங்கள்

சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். (4, 1) தேறுகிறது; இடம் மாற்றி (1, 4) என்று எழுதினால் 2 + 12 = 14, தேறாது. எல்லைக்கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போனால், உதாரணமாக ச > 2க என்றால், ஆதிப்புள்ளியைச் சோதிப்பதில் பயனில்லை. (1, 0) போன்ற வேறொரு புள்ளி வேண்டும். கோட்டின்மேல் இருக்கும் புள்ளி எந்தப் பக்கத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

இவற்றைவிட ஆழமான பிழை, ‘பெரிது என்றால் மேற்பக்கம், சிறிது என்றால் கீழ்ப்பக்கம்’ என்ற குறுக்குவழி. ச-வின் கெழு மிகை எண்ணாக இருக்கும்வரை அது சரியாகவே வரும். அதனால் நம்பிக்கை வளர்ந்துவிடும். க − 2ச > 4 என்ற கணக்கு வரும்போது மாணவர் கோட்டுக்கு மேலே நிழலிடுவார். ஆதிப்புள்ளி கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. பிரதியிட்டால் 0 > 4, பொய். தீர்வுப் பகுதி கீழே இருக்கிறது. ச-வைத் தனியாகப் பிரித்து எழுதினால் −2-ஆல் வகுக்க வேண்டிவரும், அசமன்பாட்டுக் குறி திரும்பும், ச < க/2 − 2 என்று ஆகும். குறியைத் திருப்ப மறந்தவரையும் குறுக்குவழியை நம்பியவரையும் ஒரே ஒரு புள்ளிச் சோதனை பிடித்துக்கொடுத்துவிடும். விடையை எழுதிய பிறகும் ஒரு புள்ளியைப் பழைய வடிவிலும் புதிய வடிவிலும் பிரதியிட்டு இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் பழக்கம் அரை நிமிடச் செலவு. அந்தப் பழக்கம் தேர்வறையில் காப்பாற்றிய மதிப்பெண்கள் ஏராளமாக இருக்கும்.

எல்லைக்கோடு பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ≤ என்றால் கோடு தீர்வில் சேரும், முழுக்கோடாக வரைகிறோம். < என்றால் சேராது, விட்டுவிட்டு வரைகிறோம். வகுப்பில் இது வரைபட அலங்காரம்போல் நடத்தப்படுகிறது. கோட்டின்மேல் நிற்கும் புள்ளிக்கோ அதுதான் வாழ்வா சாவா என்ற கேள்வி. தகுதி வரம்பு 50 என்றால், சரியாக 50 மதிப்பெண் எடுத்தவர் தகுதி பெறுகிறாரா என்பதைத் தீர்மானிப்பது குறியின் அடியிலுள்ள அந்தச் சின்னக் கோடுதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட அசமன்பாடுகள் சேரும்போது ஒரு புள்ளியின் உரிமை சுருங்குகிறது. ஒவ்வொரு கோடும் தளத்தை வெட்ட, பகுதிகள் பெருகுகின்றன. எந்த இரண்டும் இணையாக இல்லாமல், எந்த மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்காமல் கோடுகள் அமைந்தால், மூன்று கோடுகள் 7 பகுதிகளையும் பத்துக் கோடுகள் 56 பகுதிகளையும் உண்டாக்கும். ஜேக்கப் ஸ்டைனர் 1826-இல் இந்த எண்ணிக்கையை எழுதிவைத்தார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று அசமன்பாடுகளுக்கு ஆம், இல்லை என்று எட்டு விதமாகப் பதில் வரலாம். ஆனால் பகுதிகள் ஏழுதான். ஒரு பதில் வரிசை எந்தப் புள்ளிக்கும் வாய்ப்பதே இல்லை. க < 0, ச < 0, க + ச > 1 மூன்றையும் ஒருசேர நிறைவு செய்யும் புள்ளியைத் தேடிப்பாருங்கள். முதல் இரண்டையும் கூட்டினால் க + ச < 0. மூன்றாவதோ 1-க்கு மேல் என்கிறது. தீர்வு இல்லை என்பதற்கு எண்ணற்ற புள்ளிகளைச் சோதிக்கவேண்டாம். இருக்கும் அசமன்பாடுகளைக் கூட்டி ஒரு முரணை வருவித்தால் போதும்.

இந்த எளிய உத்தி எப்போதும் பலிக்குமா? நேரிய அசமன்பாடுகள் எத்தனை இருந்தாலும், மாறிகள் எத்தனை இருந்தாலும், பலிக்கும். ஒன்று, எல்லாவற்றையும் நிறைவு செய்யும் புள்ளி இருக்கும். இல்லையேல், தக்க எண்களால் பெருக்கிக் கூட்டினால் முரண் வெளிப்படும். மூன்றாவது நிலை கிடையாது. ஹங்கேரிய இயற்பியலாளர் கியூலா ஃபர்காஷ் 1902-இல் வெளியிட்ட தேற்றத்தின் சாரம் இது. இயந்திரவியலில் சமநிலை பற்றிய கேள்விகள்தாம் அவரை அங்கே கொண்டுசேர்த்தன. ‘ஆம்’ என்பதற்கு ஒரு புள்ளி சான்று. ‘இல்லை’ என்பதற்கு ஒரு கூட்டல் சான்று. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த உண்மை இதுதான்.

தாமதமாக வந்த துறை

பெரிது, சிறிது என்பவற்றைச் சொற்களால் சொல்லும் வழக்கம் யூக்ளிடுக்கும் முந்தையது. < , > என்ற குறிகள் அச்சேறியது 1631-இல், ஆங்கிலேயர் தாமஸ் ஹாரியட்டின் நூலில். அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து. டெகார்ட் தமது வடிவியல் நூலை 1637-இல் வெளியிட்டு, சமன்பாட்டையும் கோட்டையும் ஒன்றோடொன்று பிணைத்தார். சமக்கோட்டையும் சேர்த்து எழுதும் குறி பிரெஞ்சுக்காரர் பியர் பூகேரிடமிருந்து 1734-இல் வந்தது. ஆக, இன்று ஒரு மாணவர் வரைபடத்தாளில் நிழலிடத் தேவையான எல்லாக் கருவிகளும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தயார். ஆனால் அசமன்பாடுகளின் தொகுதியைத் தனியொரு பொருளாக எடுத்து ஆராய ஃபூரியே வரவேண்டியிருந்தது. அதற்குள் 1820-கள் ஆகிவிட்டன. மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கும் அவரது முறையை 1936-இல் தியோடர் மோட்ஸ்கின் மறுபடி கண்டெடுத்தார். இன்று இருவர் பெயரும் சேர்ந்தே அதற்கு வழங்குகின்றன.

இத்தனை தாமதம் ஏன்? சமன்பாடு கேட்பது ‘எது?’ என்று. அசமன்பாடு கேட்பது ‘எவையெல்லாம்?’ என்று. கோள்களின் பாதையைக் கணிக்கிறவர்களுக்கு ஒரே விடை வேண்டும். பற்றாக்குறையை நிர்வகிக்கிறவர்களுக்குத்தான் அனுமதிக்கப்பட்ட விடைகளின் பரப்பு தேவைப்படுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலையும் போரும் ரேஷனும் அந்தத் தேவையைக் கொண்டுவந்தன என்பது என் கணிப்பு.

லெனின்கிராடில் ஒட்டுப்பலகை நிறுவனம் ஒன்று இயந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் சிக்கலை லியோனித் கன்டரோவிச்சிடம் கொண்டுவந்தது. நேரிய நிபந்தனைகளுக்குள் நின்று மிகச் சிறந்த விடையைத் தேடும் இன்றைய நேரியல் திட்டமிடலின் கரு, 1939-இல் அவர் வெளியிட்ட சிறுநூலில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டிக்லர் 77 உணவுப்பொருள்களையும் 9 சத்துகளையும் எடுத்துக்கொண்டு, ஒரு மனிதருக்கு ஓராண்டுக்கான மிக மலிவான உணவைத் தேடினார். 1939-ஆம் ஆண்டு விலையில் 39.93 டாலர் என்ற விடையை, ஓரளவு உத்தேசமாக, 1945-இல் வெளியிட்டார். ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கியதும் அதைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட முதல் பெரிய கணக்கு இதுவே. ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணிப்பான்களோடு உட்கார்ந்து, 120 ஆள்நாள் உழைப்பில் 39.69 டாலர் என்ற விடையை எட்டினார்கள். ஸ்டிக்லரின் உத்தேசத்துக்கும் அதற்கும் 24 சென்ட்தான் வித்தியாசம். இந்தத் துறைப் பணிக்காகக் கன்டரோவிச்சும் பொருளியலாளர் கூப்மன்ஸும் 1975-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள், டான்ட்சிக்குக் கிடைக்கவில்லை. அது அநீதி என்றே நினைக்கிறேன்.

மூலைகளில் கிடைக்கும் விடை

உர மூட்டைக்குத் திரும்புவோம். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டிஏபி மூட்டை 1350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவு 266.5 யூ + 1350 டி. ஏற்புடைய பகுதிக்குள் எந்தப் புள்ளியில் செலவு மிகக் குறைவு? உள்ளே எண்ணற்ற புள்ளிகள் கிடக்கின்றன. ஆனால் செலவும் நேரிய கோவைதான். அதன் மதிப்பு ஒரு திசையில் சீராக இறங்கிக்கொண்டே போகும். நடுப்பகுதியில் எங்கே நின்றாலும் இன்னும் இறங்க இடமிருக்கும். எல்லைக்கோட்டில் முட்டிய பிறகும் அதை ஒட்டியே நகர்ந்து இறங்கலாம். மூலையில்தான் நிற்கவேண்டிவரும். எனவே குறைந்த செலவு என்று ஒன்று இருக்கும்போது, மூலைகள் இருக்கும் பகுதியில், மூலைகளை மட்டும் சோதித்தால் போதும்.

நம் கணக்கில் இரு எல்லைக்கோடுகளும் வெட்டும் மூலை ஏறத்தாழ (6.30, 2.17). செலவு சுமார் 4,614 ரூபாய். மூட்டையைப் பிரித்து அடுத்த வயல்காரரோடு பங்கிட்டுக்கொண்டால் இது நடக்கும். முழு மூட்டையாகத்தான் வாங்கவேண்டும் என்றால்? அருகிலுள்ள முழு எண்களுக்குத் திருத்தி (6, 2) என்று எடுத்தால் தழைச்சத்து 142.2, மணிச்சத்து 46. இரண்டு நிபந்தனைகளும் தவறுகின்றன. இரண்டையும் மேல்நோக்கித் திருத்தி (7, 3) என்று எடுத்தால் தேறும், ஆனால் ஒரு மூட்டை யூரியா வீண். சரியான விடை (6, 3). செலவு 5,649 ரூபாய். மூலையைத் தோராயமாக்கி இந்த விடையை எட்ட முடியாது. பக்கத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தே எட்டவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். (20, 20) என்ற புள்ளியும் நாம் எழுதிய இரு அசமன்பாடுகளிலும் தேறிவிடும். அவ்வளவு தழைச்சத்தைக் கொட்டினால் குலைநோயும் புகையானும் வயலைத் தேடி வரும் என்பது விவசாயிக்குத் தெரியும். எழுதப்பட்ட வரிகளுக்குத் தெரியாது. எழுதிய நிபந்தனையைப் புள்ளி நிறைவு செய்கிறதா என்று மட்டுமே சோதனை சொல்லும். எழுதவேண்டிய நிபந்தனை எல்லாம் எழுதப்பட்டதா என்று அது சொல்லாது. மேல்வரம்பையும் ஓர் அசமன்பாடாகச் சேர்ப்பது மனிதரின் பொறுப்பு.

முழு எண் என்ற ஒரே ஒரு கட்டுப்பாடு கணக்கின் தன்மையையே மாற்றிவிடுகிறது. பின்னங்களை அனுமதித்தால் நேரியல் திட்டமிடலை அளவோடான காலத்தில் தீர்க்கமுடியும். சோவியத் கணிதவியலாளர் லியோனித் காச்சியான் 1979-இல் இதை நிறுவினார். குவாலியரில் பிறந்து மும்பை ஐஐடியில் படித்த நரேந்திர கர்மார்க்கர், 1984-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது நடைமுறைக்கு உகந்த வேறொரு வழியைக் கண்டார். சிம்ப்ளெக்ஸ் முறை மூலைமூலையாக நகர, அவர் முறை பகுதியின் உள்ளே புகுந்து போகிறது. மாறிகள் முழு எண்களாகவே இருக்கவேண்டும் என்று சொன்ன உடனே இந்த வசதியெல்லாம் போய்விடுகிறது. மாறிகள் 0 அல்லது 1 மட்டுமே எடுக்கும் வடிவம், ரிச்சர்ட் கார்ப் 1972-இல் தந்த 21 கடினக் கணக்குகளின் பட்டியலில் இருக்கிறது. அவற்றில் எதற்கும் விரைவான பொது வழி இன்றுவரை கிடைக்கவில்லை. இருக்கவே முடியாது என்றும் எவரும் நிறுவவில்லை. கொடுக்கப்பட்ட ஒரு விடையைச் சோதிப்பதோ அங்கேயும் அதே பெருக்கல், கூட்டல், ஒப்பீடுதான்.

புள்ளிகள் நிற்க, கோடு நகர

இதுவரை கோடு நிலையாக இருந்தது, புள்ளிகளைச் சோதித்தோம். 1958-இல் ஃபிராங்க் ரோசன்பிளாட் வெளியிட்ட பெர்செப்ட்ரான் இதைத் தலைகீழாக்கியது. ‘இந்தப் புள்ளிகள் ஆம், இவை இல்லை’ என்று பதில்கள் முன்கூட்டியே தரப்படும். அவற்றைப் பிரிக்கும் கோட்டைக் கண்டுபிடிக்கவேண்டும். ஏதோ ஒரு கோட்டில் தொடங்கி, ஒவ்வொரு புள்ளியாகச் சோதிக்கவேண்டியது. சரியாக வந்தால் விட்டுவிடலாம். தவறாக வந்தால் அந்தப் புள்ளியின் ஆயத்தொலைவுகளையே கெழுக்களோடு கூட்டியோ கழித்தோ கோட்டைத் திருப்பவேண்டும். பிரிக்கும் கோடு ஒன்று இருக்குமானால், எண்ணி முடிக்கக்கூடிய திருத்தங்களில் இந்த முறை அத்தகைய கோடு ஒன்றை எட்டியே தீரும்.

பிரிக்கும் கோடு இல்லையென்றால்? (0, 0), (1, 1) இரண்டும் ஒரு பக்கம். (1, 0), (0, 1) இரண்டும் மறுபக்கம், அதாவது தேறும் பக்கம், வரவேண்டும் என்று கேளுங்கள். அப்படிப்பட்ட கோட்டில் க-வின் கெழு ஒரு வரம்பு எண்ணுக்கு மேல் இருக்கவேண்டும். ச-வின் கெழுவும் அதே வரம்புக்கு மேல். (0, 0) தேறக்கூடாது என்பதால் வரம்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. அப்படியானால் இரு கெழுக்களின் கூடுதல் வரம்பைப் போல் இருமடங்குக்கு மேல், ஆகவே வரம்புக்கும் மேல். ஆனால் (1, 1) தேறக்கூடாது என்றால் அந்தக் கூடுதல் வரம்பைத் தாண்டக்கூடாது. முரண். ஃபர்காஷ் சொன்னதுபோல, ஒரு கூட்டலில் ‘இல்லை’ என்பது நிரூபணமாகிவிட்டது. மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பாப்பர்ட்டும் 1969-இல் எழுதிய நூல் இத்தகைய எல்லைகளை விரிவாகக் காட்டியது. அதன் பிறகு அந்த ஆராய்ச்சியில் ஆர்வம் நெடுங்காலம் தணிந்துபோனது. ஒரு கோட்டால் முடியாததைப் பல கோடுகளை அடுக்கிச் செய்யலாம் என்ற வழியில்தான் இன்றைய செயற்கை நுண்ணறிவு வளர்ந்தது. அதன் ஒவ்வோர் அணுவிலும் பெருக்கிக் கூட்டி ஒரு வரம்போடு ஒப்பிடும் வேலை ஏதோ ஒரு வடிவில் நடந்துகொண்டே இருக்கிறது.

கைப்பேசித் திரையிலும் இதுவே நடக்கிறது. முப்பரிமாண விளையாட்டின் உருவங்கள் முக்கோணங்களால் ஆனவை. திரையின் ஒரு புள்ளி முக்கோணத்துக்குள் இருக்கிறதா என்பதை மூன்று பக்கங்களுக்கும் மூன்று அசமன்பாடுகளைச் சோதித்துச் சொல்லலாம். யுவான் பினேடா 1988-இல் விளக்கிய முறையின் அழகு, ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தால் கோவையின் மதிப்பு ஒரே மாறிலி அளவு மாறும் என்பதைப் பயன்படுத்துவதில் இருக்கிறது. மறுபடி பெருக்கவே வேண்டாம், கூட்டினால் போதும். இரு முக்கோணங்கள் பகிர்ந்துகொள்ளும் பக்கத்தின்மேல் சரியாக ஒரு புள்ளி விழுந்தால் அது யாருக்குச் சொந்தம்? இரண்டுக்கும் ≤ என்றால் அது இருமுறை வண்ணம் பூசப்படும். இரண்டுக்கும் < என்றால் அங்கே ஓட்டை தெரியும். ஆகவே மேல், இடப்பக்க விளிம்புகளுக்கு மட்டும் சமக்குறியைச் சேர்ப்பது என்று ஒரு விதி வகுத்திருக்கிறார்கள். வகுப்பில் அலங்காரமாகத் தெரிந்த முழுக்கோடும் விட்டுவிட்ட கோடும் இங்கே கோடிக்கணக்கான புள்ளிகளின் வழக்கைத் தீர்க்கின்றன.

எல்லையில் கணினியே தடுமாறும் சந்தர்ப்பமும் உண்டு. க + ச ≤ 0.3 என்ற அசமன்பாட்டை (0.1, 0.2) நிறைவு செய்கிறதா? தாளில் பார்த்தால் ஆம். பெரும்பாலான கணினி மொழிகள் ‘இல்லை’ என்று சொல்லும். இரும எண் முறையில் 0.1, 0.2, 0.3 மூன்றையுமே துல்லியமாக எழுதமுடியாது. கூட்டும்போது விடை 0.30000000000000004 என்று வந்துவிடுகிறது. கோட்டிலிருந்து தள்ளி நிற்கும் புள்ளிகளுக்கு இந்தப் பிசகால் பாதகமில்லை. கோட்டை ஒட்டி நிற்பவற்றுக்கு விடை புரண்டுவிடும். ஒரு வடிவியல் நிரல் முழுவதும் அதனால் நிலைகுலையலாம். மதிப்பு பூஜ்யத்துக்கு மிக அருகில் வரும்போது மட்டும் கூடுதல் துல்லியத்தோடு கணக்கிடும் முறையை ஜோனதன் ஷூசக் 1997-இல் வெளியிட்டார். குறியை மட்டும் பார்க்காமல் அளவையும் பாருங்கள் என்று முன்னே சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

வகுப்பறைக்கு ஒரு விண்ணப்பம்

என்சிஇஆர்டியின் 11-ஆம் வகுப்புக் கணித நூலில் இரு மாறி அசமன்பாடுகளின் வரைபடத் தீர்வு முன்பு இருந்தது. 2022-23 கல்வியாண்டுக்கான பாடக்குறைப்பில் அது நீக்கப்பட்டது. ஒரு மாறி அசமன்பாடுகள் மட்டும் எஞ்சின. ஆனால் 12-ஆம் வகுப்பில் நேரியல் திட்டமிடல் தொடர்கிறது. அங்கே முதல் நாளே ஏற்புடைய பகுதியை நிழலிடச் சொல்கிறார்கள். அடித்தளத்தை எடுத்துவிட்டு மேல்மாடியை அப்படியே நிறுத்தியிருப்பது சரியான முடிவு அல்ல. மாணவர்களின் சுமையைக் குறைக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இந்தப் பாடம் சுமையாக இருந்ததில்லை. ஒரு வாரத்தில் முடிந்துவிடக்கூடிய பாடம் அது. எண்ணும் வடிவமும் முடிவெடுத்தலும் ஒன்றாகச் சந்திக்கும் பள்ளிப் பாடங்கள் மிகச் சிலவே; அவற்றில் இது ஒன்று.

பாடநூல் திருத்தப்படும்வரை ஆசிரியர்கள் செய்யக்கூடியது உண்டு. நேரியல் திட்டமிடலைத் தொடங்கும் முன் இரண்டு வகுப்புகளை இதற்கு ஒதுக்குங்கள். வரைபடத்தாளில் ஒரு கோட்டை வரைந்து, மாணவர் ஒவ்வொருவரையும் அவரவர் விரும்பிய ஒரு புள்ளியைப் பிரதியிடச் சொல்லுங்கள். வந்த மதிப்பை, டிக்கை அல்ல, அந்தப் புள்ளியின் அருகிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முழுவதும் மிகை எண்களும் மறுபக்கம் முழுவதும் குறை எண்களும், கோட்டை நெருங்க நெருங்கச் சிறுத்துப்போகும் எண்களும் தாளில் தானாகவே தெரியும். காரணத்தை அதற்குப் பிறகு சொல்லுங்கள். நிழலிடும் விதியை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.